நிழலை அழிக்கும் வெளிச்சம்: லாந்தர் மீனும் நம் காரலும்

யாழ்ப்பாணம் சின்னக்கடையில் கூறு போட்டு விற்கப்படும் காரல் மீனுக்குள் ஒரு விளக்கு இருக்கிறது. உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக அமைந்த சிறிய உறுப்பு அது. அதற்குள் போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்ற பற்றீரியா கோடிக்கணக்கில் குடியிருந்து நீல வெளிச்சம் விடுகிறது. அந்த வெளிச்சம் பளபளப்பான காற்றுப்பையின் சுவரில் பட்டுத் தெறித்து, வயிற்றுப்புறத் தசைகளின் ஊடாகக் கசிந்து கீழே பரவுகிறது. காரல் குஞ்சு பொரித்து வெளிவரும்போது இந்தப் பற்றீரியா அதனிடம் இருப்பதில்லை. வளரும் நாட்களில் கடல்நீரிலிருந்து பெற்றுக்கொள்கிறது. சொதிக்கு மீன் வெட்டுகிறவர் குடலோடு சேர்த்து இந்த விளக்கையும் வழித்து எறிந்துவிடுகிறார். பகல் வெயிலிலோ குசினி மின்குமிழின் கீழோ அது கண்ணில் படப்போவதில்லை.

இந்தக் கட்டுரை உண்மையில் காரலைப் பற்றியது அன்று. இதே வேலையை இதைவிட நுட்பமாகச் செய்யும் வேறொரு சிறிய மீனைப் பற்றியது. லாந்தர் மீன்கள் என்று பொதுவாக அழைக்கப்படும் மிக்டோபிடே குடும்பத்தில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டாதவை. துருவக் கடல்கள் முதல் வெப்பக் கடல்கள் வரை, ஆழமான நீர் உள்ள இடமெல்லாம் இவை இருக்கின்றன. இவற்றுள் இந்தியப் பெருங்கடலோடு நெருங்கிய தொடர்புடையது பெந்தோசீமா டெரோட்டம். பெரும்பாலும் 5 சென்ரிமீற்றர் அளவில் காணப்படும். 7 சென்ரிமீற்றரைத் தொடுவது அரிது. நெத்தலியோடு கலந்து கிடந்தால் தலையும் கண்ணும் பெரிதாக இருப்பதைக்கொண்டுதான் பிரித்தறிய முடியும்.

நெத்தலியோடு கலந்து கிடக்க வாய்ப்பில்லை என்பது வேறு கதை. யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள கடல் அவ்வளவு ஆழமற்றது. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கடற்றொழிலாளர்கள் இறங்கும் கடலேரியின் பல பகுதிகளில் ஆள் நின்று வலை இழுக்கலாம். அதற்கு வெளியே, இராமேசுவரம் வரை விரிந்துகிடக்கும் பாக்கு விரிகுடாவில் 15 மீற்றர் ஆழம் என்பதே பெரிய ஆழம். பகலில் 150 மீற்றருக்குக் கீழே இருந்து பழகிய மீனுக்கு அது கடலே இல்லை. பருத்தித்துறைக்கு வடகிழக்கே பெதுரு மேடையைத் தாண்டி, முல்லைத்தீவுக்குக் கிழக்கே கண்டமேடை முடிந்து கடற்தளம் சரியத் தொடங்கும் இடத்தில்தான் அதன் ஊர் ஆரம்பிக்கிறது. திருகோணமலையில் அந்த ஊர் இன்னும் கிட்ட வந்துவிடுகிறது. அங்கே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயிலிலிருந்தே தொடங்கி, வங்காள விரிகுடாவின் 3,000 மீற்றர் ஆழத்தை நோக்கி இறங்குகிறது. திமிங்கிலங்கள் திருகோணமலைக் கரைக்கு அவ்வளவு அருகே வருவதற்கு இந்த ஆழம் ஒரு காரணம்.

பெந்தோசீமாவுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததும் வங்காள விரிகுடாவிலிருந்துதான். அல்பிரட் வில்லியம் அல்கொக் என்ற இராணுவ மருத்துவர், 1888 முதல் 1892 வரை ‘இன்வெஸ்டிகேற்றர்’ என்ற அரச அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணிபுரிந்தார். கப்பலின் முதன்மை வேலை கரையோரங்களை அளந்து வரைபடம் தயாரிப்பது. இடைக்கிடை கிடைத்த நேரத்தில் அல்கொக் ஆழத்துக்கு வலை இறக்கிப் பார்த்தார். அப்படி ஏறிவந்த ஏராளமான உயிரினங்களுள் இதுவும் ஒன்று. 1890 இல் அதை விவரித்து வெளியிட்டார். பிற்பாடு கல்கத்தா அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரானார். ஆழ்கடல் மீன் ஆய்வில் நம் கடற்பகுதி முந்தியே இடம்பிடித்தது ஒரு மருத்துவரின் ஓய்வுநேர வேலையால் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

ஆழத்திலிருந்து வலையில் வரும் லாந்தர் மீனைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். செதில்கள் மெல்லியவை, வலையில் உரசி உதிர்ந்துவிடும். ஒளியுறுப்புகளில் பாதியும் அவற்றோடு போய்விடும். மிஞ்சுவது தோலுரிந்த, கறுத்த, கண் பிதுங்கிய சிறு உடல். சேதமில்லாமல் கிடைக்கும் மீன்தான் உண்மையான வடிவத்தைக் காட்டும். முதுகு கருமை, பக்கங்கள் வெள்ளி, கன்னத்திலிருந்து வால் அடிவரை வயிற்றோரமாக முத்து முத்தான ஒளியுறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தின் பின்புறம் வெளிச்சம் கசியாதபடி கரிய நிறமிப் படலம், உட்புறம் அதைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான படலம், வாயில் வில்லையாகத் தடித்த ஒரு செதில். நரம்பு ஒன்று உள்ளே வந்து கட்டளை தருகிறது. காரலைப் போல் பற்றீரியாவை வாடகைக்கு வைத்திருக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. லாந்தர் மீன் தன் சொந்த உயிரணுக்களில்தான் வெளிச்சம் உண்டாக்குகிறது.

ஆனாலும் மூலப்பொருள் கடன்தான். லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேரும்போது, லூசிபெரேஸ் என்ற நொதியம் அந்த வினையை நடத்திக் கொடுக்க, சக்தியின் ஒரு பங்கு ஏறத்தாழ வெப்பமே இல்லாமல் ஒளியாக வெளிப்படுகிறது. லாந்தர் மீன்கள் பயன்படுத்தும் லூசிபெரினின் பெயர் சீலென்டெராசின். துடுப்புக்காலிகள் எனப்படும் மிகச்சிறிய ஓட்டுடலிகள் போன்ற சில உயிரினங்கள் இதைத் தாமே தயாரிக்கின்றன. அவற்றைத் தின்னும் மீனின் உடலில் அது சேர்கிறது. ஆழ்கடலில் ஒளிவிடும் உயிரினங்கள் பல, ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைகூட, இதே பொருளைக்கொண்டு ஒளிர்வதற்கு இந்த உணவுச் சங்கிலிதான் காரணம்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு? இருட்டில் வழி பார்ப்பதற்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். விளக்குகள் கண்ணுக்கு முன்னால் இல்லாமல் வயிற்றில் இருப்பதுதான் அந்த நினைப்பைக் குழப்புகிறது.

200 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி தாவரங்கள் வாழப் போதாது. ஆனால் முழு இருட்டும் இல்லை. சிவப்பும் மஞ்சளும் மேல்நீரிலேயே உறிஞ்சப்பட, மிக மங்கலான நீலம் மட்டும் மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 1,000 மீற்றரில் அதுவும் தீர்ந்துவிடும். இந்த இடைப்பட்ட மண்டலத்தில் வேட்டையாடும் மீன்களும் கணவாய்களும் மேல்நோக்கிப் பார்த்தபடி இரை தேடுகின்றன. பனங்கூடலுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் பச்சை ஓலையும் வானத்தின் முன் கறுப்பாகவே தெரியும் அல்லவா, அப்படி. மேலே நீந்தும் எந்த உடலும், எந்த நிறத்தில் இருந்தாலும், கீழிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கறுத்த நிழல். மறைந்துகொள்ள மரமோ பாறையோ இல்லாத நடுக்கடலில் அந்த நிழலே மரண ஓலை.

லாந்தர் மீன் தன் நிழலை வெளிச்சத்தால் நிரப்பி அழிக்கிறது. மேலிருந்து வரும் ஒளியின் அளவுக்கும் நிறத்துக்கும் ஒத்த நீலத்தை வயிற்றிலிருந்து கீழே விட்டால், கீழிருந்து பார்ப்பவனுக்கு மீன் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒன்றாகிவிடும். 1963 இல் வில்லியம் கிளார்க் இந்த விளக்கத்தை ஆழ்கடல் உயிரினங்களுக்குப் பொதுவாக முன்வைத்தார். 1971 இல் ஹார்வர்ட் உயிர்வேதியியலாளர் உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ், வயிற்றுப்புற வெளிச்சம் உருவத்தை மறைப்பதற்கே என்று எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட மீன், நம்முடைய அதே காரல் குடும்பத்தது. ஆழமற்ற கடலில் கூட்டமாகத் திரியும் காரலுக்கும் கீழிருந்து வரும் ஆபத்து உண்டு.

யோசனை அழகாக இருந்தால் போதாது, மீன் அப்படி நடந்துகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள வெளிச்சம் கூடினால் தன் விளக்கைக் கூட்ட வேண்டும். குறைந்தால் குறைக்க வேண்டும். கூட்டிக் குறைக்கும் அளவு சரியாக இருக்கவும் வேண்டும். மிகையாக ஒளிர்ந்தாலும் கதை முடிந்தது, வானத்தின் முன் நட்சத்திரமாகத் தெரியும். 1974 இல் ஜேம்ஸ் லோரி ஒரு லாந்தர் மீன் இனத்தை ஆராய்ந்து, அதன் ஒளியுறுப்புகளில் ஒன்று அதன் சொந்தக் கண்ணுக்குள்ளேயே ஒளி பாய்ச்சுவதைச் சுட்டிக்காட்டினார். மேலிருந்து வரும் ஒளியும் தன் விளக்கின் ஒளியும் ஒரே கண்ணில் விழுவதால் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்ய முடியும் என்பது அவர் வாதம். 1977 இல் ஜேம்ஸ் கேஸும் கூட்டாளிகளும் உயிருள்ள லாந்தர் மீன்களைத் தொட்டியில் வைத்து, மேல்விளக்கின் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். மீன்களின் வயிற்று வெளிச்சம் அதற்கேற்ப மாறியது. ஆழ்கடலிலிருந்து உயிரோடு கொண்டுவந்த மீன் எவ்வளவு சொற்ப நேரம் பிழைத்திருக்கும் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனையின் அருமை புரியும். கருவி பெரிதல்ல, மீனைச் சாகாமல் வைத்திருப்பதே பெரிய பாடு.

மறைவது மட்டும்தான் வேலையா என்றால், இல்லை. வயிற்று விளக்குகள் எல்லா இனங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க, உடலின் பக்கவாட்டில் உள்ள புள்ளிகளின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. மீனியலாளர்கள் இனத்தை அடையாளம் காண்பதே அந்தப் புள்ளிகளை எண்ணித்தான். மீன்களும் அப்படியே செய்கின்றன என்று நம்ப இடமிருக்கிறது. பல இனங்களில் வாலடிக்கு மேலே அல்லது கீழே தனியான ஒளிச்சுரப்பிகள் உண்டு. ஆணுக்குப் பெரும்பாலும் மேலே, பெண்ணுக்குப் பெரும்பாலும் கீழே. டயபஸ் என்ற சாதியைச் சேர்ந்தவற்றுக்கு மூக்கருகே பெரிய ஒளியுறுப்புகளும் இருக்கின்றன. முன்னே பார்ப்பதற்கான விளக்கு என்று எல்லோரும் முதலில் நினைத்தது இந்தச் சாதிக்கு மட்டும் பொருந்தக்கூடும். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, இனத்துக்கென்று தனி ஒளியடையாளம் கொண்ட ஆழ்கடல் மீன் குடும்பங்கள் அப்படி இல்லாதவற்றைவிட வேகமாகப் புதிய இனங்களாகக் கிளைத்திருப்பதாகக் காட்டியது. தடுப்புச் சுவர் எதுவும் இல்லாத திறந்த கடலில் இத்தனை லாந்தர் மீன் இனங்கள் எப்படித் தோன்றின என்ற பழைய புதிருக்கு இது நல்லதொரு விடை.

இனி இந்த மீனின் நாளாந்தப் பயணத்துக்கு வரவேண்டும். அது தெரியாமல் பின்னால் வரும் வழக்கு விளங்காது. 1942 இல், போர்க்காலத்தில், கலிபோர்னியாவின் சான் டியாகோ கடற்பரப்பில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் ஒலிக் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்த இயற்பியலாளர்களுக்கு, சில நூறு மீற்றர் ஆழத்தில் ஒரு பொய்த்தரை தட்டுப்பட்டது. ஒலி அதில் மோதித் திரும்பியது. ஆனால் உண்மையான கடற்தளம் அதைவிட வெகு கீழே இருந்தது. 1945 இல் மார்ட்டின் ஜோன்சன் என்ற கடல் உயிரியலாளர் அதை ஓர் இரவு முழுவதும் கவனித்தார். பொழுது சாயும்போது அந்தத் தரை மேலே ஏறியது, விடியும்போது இறங்கியது. தரை ஏறி இறங்குவதில்லை. அது உயிருள்ள கூட்டம். அந்தக் கூட்டத்தின் பெரும்பங்கு லாந்தர் மீன்கள். அவற்றின் சின்னஞ்சிறு காற்றுப்பைகள் ஒலியைப் பலமாக எதிரொலிக்கின்றன.

பகலில் வேட்டைக் கண்களுக்கு எட்டாத மங்கலில் கிடந்து, இருட்டியதும் மேற்பரப்புக்கு ஏறி, மிதவையுயிரிகளை வயிறு நிறையத் தின்று, வெளிக்கும் முன் இறங்கிவிடுவது இவற்றின் வாழ்க்கை முறை. ஒவ்வோர் இரவும், எல்லாப் பெருங்கடல்களிலும் நடக்கிறது. எடையால் பார்த்தால் உலகில் விலங்குகள் செய்யும் மிகப் பெரிய இடப்பெயர்வு இது. நிலவு காலத்தில் இவை முழுதாக மேலே வருவதில்லை. நிலவில் மீன் படாது, இருட்டில் படும் என்று வடமராட்சிக் கரையில் சொல்லப்படும் கணக்கு, வேறு மீன்களைப் பற்றியது என்றாலும், இதே தர்க்கத்தில் நிற்கிறது. முல்லைத்தீவில் கடலில் ஒளி பாய்ச்சி மீன் பிடிப்பதற்கு எதிராகக் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கியதும் வெளிச்சத்துக்குக் கடலில் எவ்வளவு அதிகாரம் என்பதை அறிந்ததால்தான்.

பெந்தோசீமா பகலில் தங்கும் இடத்துக்கு இன்னொரு விசேடம் உண்டு. அரபிக் கடலிலும் வங்காள விரிகுடாவிலும் ஒரு குறிப்பிட்ட ஆழ அடுக்கில் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. சூரை போன்ற வேகமான வேட்டை மீன்களால் அங்கே நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. பெந்தோசீமாவால் முடியும். அரபிக் கடலில் அது பகல் முழுவதும் அந்த அடுக்குக்குள் கிடக்கிறது. மூச்சுத்திணறும் இடத்தையே அரணாக ஆக்கிக்கொண்ட மீன் என்று சொல்லலாம். ஆயுளும் குறுகியது, ஓராண்டுக்குள் முடிந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் பெந்தோசீமா எப்படி இனம் பெருக்குகிறது, என்ன தின்கிறது என்பதை 1980களின் பிற்பகுதியில் ஆராய்ந்து எழுதியவர்களுள் நோர்வேயில் பணிபுரிந்த பத்மினி தல்பதாது முக்கியமானவர். துடுப்புக்காலிகளே அதன் முதன்மை உணவு.

இனி வழக்கு. இந்த மீன்கள் எவ்வளவு இருக்கின்றன?

நோர்வேயின் ‘டொக்டர் பிரிட்யோவ் நான்சன்’ ஆய்வுக் கப்பல் 1975 தொடக்கம் அரபிக் கடலை ஒலிக்கருவியால் அளந்தது. அதைக்கொண்டு யாக்கோப் யோசேட்டர் என்ற ஆய்வாளர் 1984 இல் ஒரு கணக்குச் சொன்னார். அரபிக் கடலின் வடக்கிலும் மேற்கிலும் மட்டும் ஏறத்தாழ 10 கோடித் தொன் இடைக்கடல் மீன்கள் (அந்த மங்கல் மண்டலத்தில் வாழ்பவை), அவற்றுள் பெரும்பகுதி பெந்தோசீமா. உலகம் முழுவதும் கடலில் ஓராண்டில் பிடிக்கப்படும் எல்லா மீன்களும் சேர்ந்து சுமார் 8 கோடித் தொன்தான். ஒரே கடலில், விரல் நீள மீன் ஒன்று, உலகத்தின் முழுப் பிடிபாட்டையும் மிஞ்சுகிறது என்றால் எந்த மீன்பிடி அமைச்சுக்குத்தான் தூக்கம் வரும்?

உலகக் கணக்கு இதைவிடத் தடுமாற்றமானது. 1980 இல் வலைகளில் அகப்பட்டதை அடிப்படையாகக்கொண்டு இடைக்கடல் மீன்களின் மொத்த எடை 100 கோடித் தொன் அளவில் மதிப்பிடப்பட்டது. 2014 இல், ஸ்பெயினின் மலஸ்பினா கடற்பயணத்தில் திரட்டிய ஒலித் தரவுகளைக்கொண்டு, அது 1,000 கோடித் தொன்னாக இருக்கலாம் என்று வேறொரு குழு சொன்னது. பத்து மடங்கு! 2019 இல் வந்த இன்னொரு மதிப்பீடு 180 கோடிக்கும் 1,600 கோடிக்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்றது.

இவ்வளவு பெரிய இடைவெளி அசட்டுத்தனத்தால் வந்ததன்று. லாந்தர் மீன் வலையை உணர்ந்து விலகி ஓடுகிறது. அதனால் வலைக் கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும். ஒலிக் கணக்கின் குறை வேறுவகை. சில லாந்தர் மீன்கள் வளர்ந்தபின் காற்றுப்பையில் காற்றுக்குப் பதில் கொழுப்பு நிரம்பிவிட, எதிரொலிக்காமல் தப்பிவிடுகின்றன. மறுபுறம் சைபோனோபோர் எனப்படும் சொறி போன்ற உயிரினங்களின் சிறு வாயுக்குமிழ் மீனின் அளவுக்கு எதிரொலித்துக் கணக்கை ஊதிவிடுகிறது. என் பார்வையில் 1,000 கோடி என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ‘தீண்டப்படாத செல்வம்’ என்று எழுதுகிறவர்கள் கணக்கையே வாசிக்கவில்லை. ஒன்பது மடங்கு வித்தியாசத்துக்குள் எங்கும் இருக்கலாம் என்று அளந்தவர்களே சொல்லும் இருப்பை வைத்து யாரும் வங்கியில் கடன் எடுக்க மாட்டார்கள்.

பிடித்துப் பார்த்தவர்களின் அனுபவமும் பெரிதாக ஊக்கம் தரவில்லை. தென்னாபிரிக்கக் கரையில் 1970களில் ஓர் இனத்தை, மீனை உலர்த்தி அரைத்துத் தீவனமாக்கும் மீன்மா ஆலைகளுக்குப் பிடித்தார்கள். எண்ணெய் மிகுந்த அந்த மீன் ஆலை இயந்திரங்களைச் சிக்கவைத்தது. சோவியத் கப்பல்கள் தென்துருவப் பெருங்கடலில் இன்னோர் இனத்தைச் சில ஆண்டுகள் பெருமளவில் இழுத்தன. 1990களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. ஈரான் ஓமான் வளைகுடாவில் பெந்தோசீமாவையே பரீட்சார்த்தமாக இழுத்துப் பார்த்தது. எல்லா இடத்திலும் தடை ஒன்றுதான். மிகச்சிறிய மீன், ஆழத்தில், ஐதாகப் பரந்து கிடக்கிறது. நுண்கண் வலையை ஆழத்துக்கு இறக்கி இழுக்க எரிபொருள் அதிகம். கிடைப்பதோ மீன்மாவும் மீன் எண்ணெயும். சில இனங்களின் கொழுப்பு மெழுகு வகையைச் சேர்ந்தது. மனித வயிறு அதைச் செரிக்காது. கேரளத்தின் கொல்லம் கரையில் ஆழ்கடல் இறாலுக்கு இழுக்கும் படகுகளில் லாந்தர் மீன்கள், குறிப்பாக டயபஸ் இனங்கள், வேண்டாத துணைப்பிடிபாடாக ஏறுகின்றன. நெடுங்காலம் அவற்றைக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள்.

ஆனாலும் ஆசை தீரவில்லை. வளர்ப்பு மீன்களுக்கும் இறால்களுக்கும் தீவனம் தேவைப்படும் அளவு கூடிக்கொண்டே போகிறது. நெத்தலி இனங்களின் பிடிபாடு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நோர்வேயும் பாகிஸ்தானும் 2017 வாக்கில் இடைக்கடல் மீன்களுக்குப் பரீட்சார்த்த அனுமதிகள் கொடுத்தன. அமெரிக்கா எதிர்த் திசையில் போனது. தன் மேற்குக் கரையில், லாந்தர் மீன்கள் உள்ளிட்ட இரைமீன்கள் மீது புதிதாக மீன்பிடி தொடங்குவதை 2016 இல் தடுத்துவிட்டது. அறிவியல் முடியும்வரை கதவைச் சாத்தி வைப்பது என்ற முடிவு அது.

இலங்கைக்கு இது தூரத்துச் சங்கதியன்று. நான்சன் கப்பல் 1978க்கும் 1980க்கும் இடையில் இலங்கைக் கடலை அளந்தது. அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் 2018 இல் இலங்கையின் நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு சேர்ந்து மறுபடி அளந்தது. கரையோர வளம் வற்றுகிறது, ஆகவே ஆழத்துக்குப் போவோம் என்ற பேச்சு ஒவ்வொரு அமைச்சர் காலத்திலும் எழுகிறது. வடக்கில் அந்தப் பேச்சுக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப்படகுகளால் வலையை இழந்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அடித்தளத்தைச் சுரண்டும் இழுவை மடிக்கு இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை விதித்தது. குருநகரில் அதே தொழிலைச் செய்துவந்த நம்மவர்களும் அதில் அடிபட்டார்கள். இழுவையால் ஒரு கடல் என்ன ஆகும் என்று கேட்டறிய யாழ்ப்பாணத்துக்கு ஆய்வறிக்கை தேவையில்லை. நடுநீரில் இழுக்கும் வலை கடற்தளத்தைத் தொடாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் லாந்தர் மீன் விடயத்தில் கேள்வி கடற்தளத்தைப் பற்றியதே அல்ல.

கேள்வி, அதை யார் தின்கிறார்கள் என்பது. முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் இருந்து பலநாட் கலங்களில் போய்ப் பிடித்து வரும் சூரை இனங்களும் பெரிய கணவாய்களும் ஆழ்கடலில் இவற்றைத் தின்று வளர்கின்றன. சுழன்று துள்ளும் சிறு ஓங்கில்கள் இரவில் தேடுவது மேலேறி வரும் இந்தக் கூட்டங்களைத்தான். தென்துருவத்தை அடுத்த தீவுகளில் வாழும் அரசப் பென்குயின்களுக்கும் இவையே முதன்மை உணவு. மீன்மா ஆலையில் ஒரு தொன் லாந்தர் மீனுக்குக் கிடைக்கும் விலையையும், அதே ஒரு தொன்னைத் தின்று வளரும் சூரைக்குத் துறையில் கிடைக்கும் விலையையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே அனுமதிப் பத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு கணக்கும் உண்டு, அதற்குத் துறையில் விலையே கிடையாது. இரவில் மேற்பரப்பில் தின்ற உணவிலிருந்த காபனை இந்த மீன்கள் விடியும்போது சில நூறு மீற்றர் கீழே எடுத்துச் செல்கின்றன. அங்கே மூச்சாகவும் கழிவாகவும் வெளியேற்றுகின்றன. வேறொன்றுக்கு இரையாகி அங்கேயே தங்கியும் விடுகின்றன. ஆழத்துக்குப் போன காபன் மறுபடி வளிமண்டலத்தை எட்ட நெடுங்காலம் எடுக்கும். எவ்வளவு காபன் இப்படி இறங்குகிறது என்பதை மீனின் மொத்த எடை தெரியாமல் சொல்ல முடியாது. அந்த எடையோ 180 கோடிக்கும் 1,600 கோடிக்கும் நடுவே ஊசலாடுகிறது.

இதனிடையே கடலும் நின்றபடி நிற்கவில்லை. வெப்பமேறும் நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதும் குறையும். உலகின் ஒட்சிசன் குறைந்த அடுக்குகள் கடந்த சில பத்தாண்டுகளில் விரிந்திருப்பது பல கடல்களில் அளந்து காணப்பட்டிருக்கிறது. பெந்தோசீமா குறைந்த ஒட்சிசனைத் தாங்கும், ஒட்சிசனே இல்லாத நீரை அல்ல. வங்காள விரிகுடாவின் அந்த அடுக்கில் எஞ்சியிருப்பது அளவுகருவிக்கு அரிதாகத் தட்டுப்படும் சொற்பமே என்று 2017 இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுக்கு இன்னும் தடித்து மேலே வந்தால், அதைத் தாங்க முடியாத மீன்கள் பகலிலும் மேலே, வெளிச்சம் கூடிய நீரில் தங்க நேரிடும். அங்கே வயிற்று விளக்கு எட்டிப்பிடிக்க வேண்டிய ஒளியின் அளவு பன்மடங்கு. 5 சென்ரிமீற்றர் உடலில் உள்ள ஒளியுறுப்புகளால் அந்த அளவுக்கு ஒளிர முடியாது.